மாடு வந்தது, பசும்புல் வரவில்லை

தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் மகளிர் குழுக்களோடு முப்பது ஆண்டுகள் களப்பணி செய்து ஓய்வுபெற்ற அம்மா, வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்.

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் மாணவர், பென்னாகரம்: ஐ.ஆர்.டி.பி. ஒரு பெரிய வறுமை ஒழிப்புத் திட்டம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் தாத்தாவோ, 'அரசாங்கக் கடனில் மாடு வாங்கினேன், மாடும் செத்தது, கடன்தான் மிஞ்சியது' என்கிறார். எதை நம்புவது அம்மா?

இரண்டையும் நம்புங்கள் தம்பி. உங்கள் தாத்தா வீட்டுக்கு வந்த மாடு எங்கள் வீட்டுக்கும் வந்தது.

ஐ.ஆர்.டி.பி. என்கிற ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களிலும் நடைமுறைக்கு வந்தது. ஊரில் இந்த நீளமான பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'மானியக் கடன்' என்பார்கள், இல்லாவிட்டால் 'மாட்டுக் கடன்'. சிறு விவசாயிக்குக் கால் பங்கு மானியம். குறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் மூன்றில் ஒரு பங்கு. பழங்குடியினருக்குப் பாதி. மீதி வங்கிக் கடன். எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருந்தது. 1984-ல் யூனியன் ஆபீஸ் பட்டியலில் அவர் பெயர் வந்தது. மூவாயிரம் ரூபாய் மாட்டுக்கு ஆயிரம் மானியம். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

லாரியிலிருந்து இறங்கிய ஜெர்ஸிக் கலப்பின மாட்டுக்கு எங்கள் அம்மா ஆரத்தி எடுத்தாள். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, காதில் இன்சூரன்ஸ் வில்லை. மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. விடியற்காலையில் பால் கறந்து, நாலு கிலோமீட்டர் நடந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவாள். பிறகு சித்திரை வந்தது. அந்த மாட்டுக்கு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோ பசும்புல் வேண்டும். எங்களிடம் இருந்ததோ கேழ்வரகுத் தாளும் காய்ந்த கடலைக்கொடியும். வீட்டுக்கே இரண்டு குடம் தண்ணீர் கிணற்றின் அடியிலிருந்து சேந்த வேண்டியிருந்தபோது, மாட்டுக்கு எங்கே போவது? மாட்டு டாக்டர் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தார். பால் வற்றியது. ஆடியில் மாடு படுத்தது, எழுந்திருக்கவில்லை.

இன்சூரன்ஸ் பணம் வேண்டுமென்றால் காது வில்லையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். அது ஒரு மாதத்துக்கு முன்பே வேலியில் மாட்டிக் கழன்று விழுந்திருந்தது. வேலிக்காத்தான் முள்ளுக்குள் கையை விட்டு அம்மா இரண்டு நாள் துழாவினாள். முழங்கை வரை கீறல். வில்லை கிடைக்கவே இல்லை. கடனைக் கட்ட அவள் காதுத் தோட்டை விற்றோம். அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகும் வரை அவள் காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது.

ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் இதே மாடு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே வரப்பில் புல் இருந்தது, பால் சங்கம் தெருமுனையில் இருந்தது. தில்லியில் ஒரே அச்சில் போட்ட திட்டம், ஒரே ஒன்றியத்துக்குள் தண்ணீர் உள்ள ஊரில் ஒரு மாதிரியும் இல்லாத ஊரில் வேறு மாதிரியும் பலித்தது. மாட்டைக் கணக்கில் எழுதியவர்கள் புல்லையும் தண்ணீரையும் மருத்துவரையும் எழுதாமல் விட்டார்கள். 1999 ஏப்ரலில் அந்தத் திட்டத்தைப் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதுவும் மாறி, 2011-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது.

ஆய்வுக்கட்டுரை எழுதப்போகிறீர்கள் என்றால், எத்தனை மாடு கொடுத்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். தாத்தாவிடம் உட்கார்ந்து, அந்த வருடம் கிணற்றில் எத்தனை மட்டு தண்ணீர் இருந்தது என்றும் கேளுங்கள்.

இல்லத்தரசி, சேலம்: மகளிர் சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் முதலில் தர்மபுரியில்தான் தொடங்கியது என்கிறார்கள். அந்த முதல் நாட்களைச் சொல்லுங்களேன்.

கேட்டதற்கு நன்றி அம்மா. 1989-ல் ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில்தான் அது தொடங்கியது. கிருஷ்ணகிரி அப்போது எங்களோடு சேர்ந்திருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பொறுப்பு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்துடையது. அப்புறம் உங்கள் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும், அடுத்து மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் போனது. 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுக்க வந்தது 1997-98-ல். நான் 1990-ல் களப்பணியாளராகச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயது.

பாலக்கோடு பக்கம் ஒரு ஊர். மூன்று வாரம் போனேன், ஒருத்தரும் கிட்டே வரவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கேஸ் பிடிக்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாலாவது வாரம் ஒரு பாட்டிதான் பாதையை மறித்து, "ஏம் பொண்ணு, பகல்ல வந்தா நாங்க கொல்லையில இருப்போம். பொழுது சாஞ்சு களி கிண்டி எறக்கினப்புறம் வா" என்றார். அந்தக் கிழவி சொன்ன நேரம்தான் அடுத்த இருபது வருடம் எனக்கு ஆபீஸ் நேரம்.

இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கடியில் பதினான்கு பேர் உட்கார்ந்தார்கள். வாரம் இரண்டு ரூபாய் சேமிப்பு என்று முடிவானது. பணம் வைக்க ஒரு தகரப் பெட்டி வாங்கினோம். அதற்கு இரண்டு பூட்டு. சாவி இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும், பெட்டி மூன்றாவது ஆள் வீட்டில் இருக்கும். மூன்று பேரும் வந்தால்தான் திறக்க முடியும். யோசனை என்னுடையது இல்லை. மாரியம்மன் கோயில் உண்டியலுக்கு ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டு மாதம் போனபிறகு முதல் கடன் கேட்டு ஒரு பெண் வந்தாள். நாற்பது ரூபாய். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொடுப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. வட்டி வாங்கலாமா என்பதில்தான் பேச்சு நீண்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவளிடம் வட்டியா என்று பாதிப் பேர். வட்டி இல்லாவிட்டால் பெட்டி வளராது, நாளைக்கு நம் பிள்ளைக்கு என்றால் பணம் இருக்காது என்று மீதிப் பேர். கடைசியில் கடன் கேட்டவளே, "நூத்துக்கு ரெண்டு போடுங்க. அந்த வட்டிக்காரன்கிட்ட பத்து வட்டிக்கு வாங்கறேன், இது நம்ம பொட்டிக்குத்தானே வருது" என்றாள். வாரம் எட்டு ரூபாயாக ஐந்து வாரத்தில் அடைத்தாள். வட்டிச் சில்லறையைத் தனியாக முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, பெட்டிக்குள் போடும் முன் எல்லோருக்கும் காட்டினாள்.

எங்கள் அம்மாவிடம் மாட்டைக் கொடுத்தபோது புல் இருக்கிறதா, என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே நாற்பது ரூபாய்க்குப் பதின்மூன்று பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் அதே தெருவில் இருந்தார்கள், அவள் வீட்டு அடுப்பு எப்போது எரியும் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். நான் இத்தனை வருடத்தில் பார்த்தவரை, திட்டத்தைத் தாங்கி நிறுத்தியது இந்தக் கேள்விகள்தான்.

உடைந்த குழுக்களும் உண்டு. குழுவை நடத்தும் ஊக்குநர் ஒருத்தி மொத்தப் பணத்தோடு பெங்களூரு போய்விட்டாள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஊரிலேயே ஆகப் பெரிய ஏழை, விதவை ஒருத்தி, முதல் குழுவில் சேரவில்லை. வாரம் இரண்டு ரூபாய் அவளிடம் இல்லை. நானும் அப்போது வற்புறுத்தவில்லை. 2005-ல் உலக வங்கி உதவியோடு வந்த புதுவாழ்வுத் திட்டத்தில், ஆக ஏழைகள் யார் என்று ஊர்மக்களே கூடிப் பட்டியல் எடுக்கும் முறை வந்தபோது, அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: நூறு நாள் வேலையால் மக்கள் சோம்பேறி ஆனார்கள், விவசாயத்துக்கு ஆள் கிடைக்காமல் போனது என்று என் அப்பா சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் அப்பா நிலம் வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. களை எடுக்க ஆள் தேடி அலைவது சின்ன வேதனை இல்லை. ஆனால் அதே வரப்பில் அந்தப் பக்கம் நின்றவர்கள் கதையையும் கேளுங்கள்.

2005-ல் சட்டம் வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. நாள் கூலி 80 ரூபாய் என்று அறிவித்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே தொகை. எங்கள் பக்கம் அதுவரை ஆணுக்குக் கொடுப்பதில் பாதிதான் பெண்ணுக்கு. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி முதல் கூலியை வாங்கிக்கொண்டு, "என் வீட்டுக்காரருக்கும் இதே ரூபாயா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்கள். அவர்கள் அதற்கு முன்பு வீட்டில் படுத்திருந்தவர்கள் அல்ல. பாதிக் கூலிக்கு வேலை செய்தவர்கள்.

குறை இருந்தது. தூர்வாரிய ஏரியையே மறு வருடமும் தூர்வாரினார்கள். கூலி வந்து சேர மாதக் கணக்கில் ஆனது. பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தும், எழுபது வயதுப் பாட்டிகள் வங்கிக்கு நடையாய் நடந்ததை நான் பார்த்தேன். அதைச் சொல்லிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். சோம்பேறி என்ற சொல்லை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் அப்பாவை. பங்குனி வெயிலில் ஏரி மண் எப்படி இறுகிக் கிடக்கும் என்று அவருக்கே தெரியும்.

பள்ளி ஆசிரியை, காரிமங்கலம்: ஒகேனக்கல் தண்ணீர் வந்தும் எங்கள் ஊரில் சிலர் போர்த் தண்ணீரையே குடிக்கிறார்கள். 'காய்ச்சிக் குடித்தால் போதும்' என்கிறார்கள். சரியா?

சரியில்லை டீச்சர். போர்த் தண்ணீரில் இருக்கிற, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகப் பாறையிலிருந்து அது கூடுதலாகக் கரைந்து வருகிறது.

எங்கள் தலைமுறையில் பொண்ணு பார்க்க வருகிறவர்கள் முதலில் சிரிக்கச் சொல்வார்கள். பல்லில் காவிக் கோடு இருந்தால், 'தர்மபுரித் தண்ணி' என்று பேச்சு முடிந்துவிடும். குழுக் கூட்டத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் பழக்கம் பல பெண்களுக்கு இருந்தது. வெட்கம் என்று முதலில் நினைத்தேன். பல்தான் காரணம் என்று தெரிய ஒரு வருடம் ஆனது. வயதானவர்களுக்கு முதுகும் முட்டியும் விறைத்துப்போய், அவர்களால் தரையில் உட்கார முடியாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் திறந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். என்னைக் கேட்டால், எங்கள் மண்ணுக்கு வந்த திட்டங்களில் இதற்குத்தான் முதல் இடம். கறை படிவது நிலையான பல் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், அதாவது எட்டு வயதுக்குள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் குடித்த வீடு எது, போர்த் தண்ணீர் குடித்த வீடு எது என்று நீங்களே சொல்லிவிடலாம். குழாயில் தண்ணீர் வராத நாளில்தான் மக்கள் போருக்குப் போகிறார்கள். ஆகவே எந்தெந்த நாள் வரவில்லை என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டைக் கிராம சபையில் வையுங்கள். முன்பு வருடத்துக்கு நாலு நாள்தான் கூடும். இப்போது உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு. மார்ச் 22 உங்கள் நோட்டுக்கு ஏற்ற நாள்.

கூலித் தொழிலாளி, மொரப்பூர்: தனியார் ஃபைனான்ஸில் மூன்று இடத்தில் கடன் வாங்கிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். பயமாக இருக்கிறது அம்மா.

முதலில் தைரியமாக இரு கண்ணு. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் வசூலிக்க முறை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிப்படி, நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். திட்டுவதும், சொந்தக்காரர்களை மிரட்டுவதும் கூடாது. இன்னொன்று, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மூன்றாவது கடனைக் கொடுத்தவர் இதைப் பார்த்துத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

இனி ராத்திரியில் வந்தால் பக்கத்து வீட்டு இரண்டு பேரை அழைத்து உட்கார வை. நேரத்தைக் குறித்துக்கொள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடு. முப்பது நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். உதவிக்கு 14448 என்ற எண் இருக்கிறது. மிரட்டினால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. நாலாவது இடத்தில் வாங்கி இந்த மூன்றையும் அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதே கண்ணு, தயவுசெய்து செய்யாதே. உன் ஊர் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில், கடன் கொடுக்கும் சமுதாய முதலீட்டு நிதி இருக்கிறதா என்று கேள். வட்டி குறைவு.

குழு ஊக்குநர், அரூர் வட்டம்: எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் குழுவுக்கு ஐந்து லட்சம் கடன் கேட்டோம். ஐம்பதாயிரம் டெபாசிட் போட்டால் தருகிறேன் என்கிறார் மேலாளர். எனக்குப் பேச வரவில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். என்ன செய்வது?

தலையாட்டிவிட்டு வந்ததில் தப்பில்லை பாப்பா. இன்னும் கையெழுத்துப் போடவில்லையே, அது போதும்.

ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள மகளிர் குழுக்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது. கைப்பணம் போடச் சொல்லக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கக் கூடாது. கடன் கொடுக்கும் நேரத்தில் டெபாசிட் போடு என்று வற்புறுத்தவும் கூடாது. இதெல்லாம் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிக்கும் அனுப்பிய அறிவுரை. மேலாளருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது ஐந்துதான்: கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு வருகிறதா, உள்கடன் சுற்றுகிறதா, தவணை திரும்புகிறதா, புத்தகம் சரியாக இருக்கிறதா. குழு ஆறு மாதமாவது இப்படி நடந்திருக்க வேண்டும்.

தனியாகப் போகாதே. முதல் முறை என் குழுப் பெண்களை வங்கிக்குக் கூட்டிப் போனபோது, நாற்காலி இருந்தும் அவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் நின்றுகொண்டு பேசினேன், குரல் நடுங்கியது. அடுத்த முறை நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போனோம்: யார் உட்கார்வது, யார் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது, யார் முதலில் வாய் திறப்பது என்று. பேசியது நான் இல்லை, நாற்பது ரூபாய் வாங்கினாளே, அவள்.

நீயும் மூன்று பேரைக் கூட்டிக்கொள். வயதில் மூத்த ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். முதல் நாள் இரவே தீர்மானப் புத்தகத்தில் கடன் தீர்மானத்தை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு மனு எழுது: "டெபாசிட் தொகை கட்ட வேண்டும் என்று தாங்கள் கூறியதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இந்த ஒரு வரி போதும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள். எழுதித் தர மாட்டேன் என்றாலோ, முத்திரை போடவில்லை என்றாலோ, வட்டார மேலாளரையும் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரையும் பார்.

திங்கட்கிழமை போகாதே, கூட்டமாக இருக்கும். புதன் அல்லது வியாழன், பதினொரு மணிக்கு மேல். போய்வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது, பாப்பா.